வெந்த தூசி சொல்லும் தூரம்

சித்திரை, வைகாசி இரவுகளில் ஒன்பது, பத்து மணிக்கு மின்விளக்கு எட்டாத இடமாகப் பார்த்துத் தெற்கு நோக்கி நில்லுங்கள். வன்னியில் அப்படிப்பட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை, இரணைமடுக் குளக்கட்டே போதும். திரிசங்கு என்று நம் பெரியவர்கள் சொல்லும் தென் சிலுவையும், அதற்கு இடப்பக்கம் அல்ஃபா, பீட்டா செந்தோரி என்ற இரண்டு பிரகாசமான விண்மீன்களும் தெரியும். அவற்றுக்கு மேலே, கொஞ்சம் கலங்கிய நட்சத்திரம் போலத் தெரிவது ஒமேகா செந்தோரி. அதிலிருந்து இன்னும் மூன்று விரற்கடை மேலே பைனாகுலரைத் திருப்பினால் மங்கிய வெண்திட்டு ஒன்று அகப்படும். அதுதான் செந்தாரஸ் ஏ. நம் பால்வெளிக்கு வெளியே, சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள தனி விண்மீன் திரள். முல்லைத்தீவு வானில் அது 37 பாகை உயரம் வரை ஏறும். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் எவ்வளவு பெரிய தொலைகாட்டி வாங்கினாலும் பயனில்லை, அங்கே அது உதிப்பதே இல்லை.

அவுஸ்திரேலியாவின் பரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் 1826இல் இதைக் கண்டார். பெரிய தொலைகாட்டியில் பார்த்தால் திரளின் நடுவே கரிய பட்டை ஒன்று குறுக்கே ஓடும். அந்தப் பட்டை முழுவதும் தூசி. அதன் பின்னால் ஏறத்தாழ 5 கோடி சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை இருக்கிறது. அதனுள் விழப்போகும் வாயு சுழன்று, உராய்ந்து, கொதித்து ஒளிர்கிறது. இப்படி மையம் எரியும் திரள்களைத்தான் 'செயலூக்கமுள்ள' திரள்கள் என்கிறார்கள். ஆனால் அந்த எரிமையத்தின் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு எதுவும் வந்து சேர்வதில்லை.

ஆவணி, புரட்டாதியில் சேனைக்கு வெட்டிய பற்றைக்காட்டைக் கொளுத்தும்போது, புகையினூடே சூரியன் சிவந்த தட்டாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். புகைத்துகள் மிக நுண்ணியது. அலைநீளம் குறைந்த நீல ஒளியை அது முதலில் தடுக்கும், சிவப்பை ஓரளவு விட்டுவிடும். விண்வெளித் தூசியும் அந்த அளவுதான், ஒரு மைக்ரோமீற்றருக்கும் கீழே. ஆகவே சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலைகளுக்குப் போகப்போக வழி திறக்கிறது. எவ்வளவு திறக்கிறது என்பதுதான் வியப்பு. கட்புல ஒளியில் 10 கோடியில் ஒரு பங்கை மட்டுமே கசியவிடும் தடித்த தூசித்திரை, 2.2 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் ஏழெட்டில் ஒரு பங்கை விட்டுவிடும்.

இந்தத் தூசி எதனால் ஆனது என்ற கேள்வியில் ஓர் இலங்கையரின் பெயர் வரும். கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க, ஃபிரெட் ஹொயிலுடன் சேர்ந்து 1962இல் அது கிராஃபைட் கரித்துகள் என்று வாதிட்டார். பின்னாளில் விண்ணிலிருந்து உயிர் வந்தது என்று அவர் சொன்னதைப் பெரும்பாலான வானியலாளர் ஏற்கவில்லை. ஆனால் தூசியில் கரி உண்டு என்பது நிலைத்துவிட்டது. கூடவே மணலின் உறவான சிலிக்கேட்டும் உண்டு.

தூசி விழுங்கிய ஒளி தொலைந்துபோவதில்லை. தூசி சூடேறி, அந்தச் சூட்டையே அகச்சிவப்பாகத் திருப்பி உமிழ்கிறது. மையத்துக்கு மிக அருகே 1,200 பாகை செல்சியஸ் வரை வெந்து 2 மைக்ரோமீற்றர் அளவில் ஒளிரும். அதற்கு மேல் சூடானால் துகளே ஆவியாகிவிடும். தள்ளியுள்ள தூசி நம் உடற்சூட்டளவில் இருந்து 10 மைக்ரோமீற்றர் அளவில் ஒளிரும். சிக்கலும் இங்கேதான். கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானி நம்மிடமிருந்து வாங்கியதும் அதே கதிர்தான். தொலைகாட்டி, அதன் கட்டடம், மேலே உள்ள காற்று எல்லாமே அதில் ஒளிர்கின்றன. அதனால்தான் 1983இல் ஏவிய ஐராஸ் செய்மதியையும், பின்னர் வந்த ஸ்பிட்சரையும் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தார்கள். 2004இல் ஸ்பிட்சர் செந்தாரஸ் ஏயைப் பார்த்தபோது, கரிய பட்டை இருந்த இடத்தில் சாய்ந்த இணைகரம் ஒன்று ஒளிர்ந்தது. முன்னொரு காலத்தில் அந்தத் திரள் விழுங்கிய இன்னொரு சுருள் திரளின் மிச்சம் அது.

எனக்கு இதைவிடப் பிடித்த அளவீடு, படமே இல்லாத ஒன்று. லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீற்றர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. சென்னை வானாய்வகத்திலும் கொடைக்கானலிலும் வேர்விட்ட நிறுவனம் அது. அமித் குமார் மண்டல், சி. எஸ். ஸ்டாலின் முதலியோர் 2016-17இல் அந்தத் தொலைகாட்டியால் எச்0507+164 என்ற திரளைப் பல மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். ரோகிணி நட்சத்திரத்துக்குச் சற்றுக் கிழக்கே உள்ள திரள் அது. அதன் மையம் நிலையாக எரிவதில்லை, கூடும், குறையும். கட்புல ஒளியில் தெரிந்த ஏற்ற இறக்கம், 2 மைக்ரோமீற்றர் ஒளியில் ஏறத்தாழ 35 நாள் பிந்தியே தெரிந்தது. மையத்திலிருந்து கிளம்பிய ஒளி தூசியைத் தொட்டுச் சூடாக்க எடுத்த காலம்தான் அந்தத் தாமதம். அப்படியானால் தூசியின் உள்விளிம்பு மையத்திலிருந்து 35 ஒளிநாள் தூரத்தில், அதாவது பூமி-சூரியன் தூரத்தைப் போல 6,000 மடங்கில் இருக்கிறது. எந்தத் தொலைகாட்டியிலும் ஒற்றைப் புள்ளியாக மட்டுமே தெரியும் ஒன்றின் உட்புறத்தை நாட்காட்டியை வைத்தே அளந்துவிட்டார்கள்! அதே முறையில், ஹவாயில் நிறுவிய ஜப்பானிய மக்னம் தொலைகாட்டி என்ஜிசி 4151 என்ற திரளுக்கு 48 நாள் என்று கண்டிருந்தது.

வன்னியில் அகச்சிவப்புத் தொலைகாட்டி வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் வீண். நீராவி அகச்சிவப்பை விழுங்கும், கடலும் குளங்களும் சூழ்ந்த நம் தாழ்நிலத்துக் காற்றில் அது நிறைய உண்டு. ஹன்லேக்கு ஏறுவதே அந்த நீராவியைக் காலுக்குக் கீழே விடத்தான். ஆனால் இப்படித் தாமதத்தை வைத்துத் தூரம் அளக்கும் எதிரொலி அளவீட்டில் பாதி வேலை கட்புல ஒளியில் நடப்பது. என்ஜிசி 4151இன் மையம் எட்டங்குலத் தொலைகாட்டிக்கும் கமராவுக்கும் எட்டும் பிரகாசம் கொண்டது, பங்குனி, சித்திரையில் வன்னி வானில் நன்றாக மேலேறும். அக்கம்பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் பிரகாசத்தை இரவுக்கிரவு குறித்துவைக்க வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்களாலோ, கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான மன்றத்தாலோ முடியும். உலகெங்கும் ஆர்வலர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். முகில் மறைத்த இரவுகளைத் தாளில் வெறுமையாக விட்டால் போதும், ஊகித்து நிரப்பக் கூடாது.