இலைக்கருகல்: பாக்டீரியாவைப் பட்டினி போடும் நெல்

நெற்பயிரைத் தாக்கும் பாக்டீரியா நோய்களில் விளைச்சலை அதிகம் பறிப்பது இலைக்கருகல். சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியாவால் வரும் இந்நோயை, 1884இல் ஜப்பானின் ஃபுகுவோகா பகுதி உழவர்கள் முதலில் கவனித்தனர். இந்தியாவில் 1963இல் பீகாரில் இது கொள்ளைநோயாகப் பரவியது. 1979, 1980 ஆண்டுகளில் பஞ்சாப், ஹரியாணா வயல்களைப் பாழாக்கியது. நோய் கண்ட வயலில் 20 முதல் 30 விழுக்காடு வரை மகசூல் குறைவதுண்டு. இளம்பயிரிலேயே தொற்றினால் இழப்பு பாதியையும் தாண்டும்.

நோய் இவ்வளவு பெருகியதில் பசுமைப் புரட்சிக்கும் பங்குண்டு. 1960களில் வந்த தைச்சுங் நேட்டிவ் 1, ஐ.ஆர்.8 ஆகிய குட்டை ரகங்கள் தழைச்சத்தை நன்றாக ஏற்று விளைச்சலைக் கூட்டின. ஆனால், இலைக்கருகலை எதிர்க்கும் திறன் அவற்றுக்கு இல்லை. யூரியாவால் மிருதுவாகவும் அடர்த்தியாகவும் வளரும் பயிர், பாக்டீரியாவுக்கு வாய்ப்பான இடம். விளைச்சலைக் கூட்டிய அதே வழி, நோய்க்கும் கதவைத் திறந்துவிட்டது.

இலைக்குள் நடப்பது என்ன?

இலை ஓரங்களில் செடி நீரைக் கசியவிடும் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாகவோ, காற்றாலும் மழையாலும் ஏற்பட்ட காயங்கள் வழியாகவோ பாக்டீரியா உள்ளே நுழைகிறது. நீரைக் கடத்தும் குழாய்களை அடைந்ததும் அங்கேயே பெருகி, பிசின் போன்ற சர்க்கரைப் பொருளைச் சுரந்து குழாயை அடைக்கிறது. இலையின் நுனியிலிருந்து ஓரங்கள் அலையலையாக மஞ்சளித்து, பிறகு வைக்கோல் நிறமாகக் காய்கின்றன. நாற்றுப் பருவத்திலோ நடவுக்குப் பின் சில வாரங்களுக்குள்ளோ தொற்றினால் செடியே வாடி மடியும். இந்தோனேசியாவில் இந்நிலைக்கு வழங்கும் கிரெசெக் என்ற பெயரே அறிவியலிலும் நிலைத்துவிட்டது.

இந்நோயை உறுதிசெய்ய ஆய்வகம் தேவையில்லை. நோய்ப்பட்ட இலையை நறுக்கிக் கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கலங்கல் வழியும். அது முழுவதும் பாக்டீரியா.

மருந்தின் எல்லை

பூசண நோய்கள் பலவற்றுக்கு மருந்துத் தெளிப்பு உதவுகிறது. இலைக்கருகலில் அது அவ்வளவாகப் பலிப்பதில்லை. பாக்டீரியா இலையின் உட்குழாய்களில் இருக்கிறது. இலைமேல் படியும் மருந்து அங்கே போதிய அளவில் சென்று சேர்வதில்லை. நோய் பரவுவதும் மழைக்காலத்தில் என்பதால் தெளித்தது கழுவிப்போகிறது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையைக் காப்பர் ஆக்ஸிகுளோரைடுடன் சேர்த்துத் தெளிப்பது நெடுநாள் பரிந்துரையாக இருந்தது. மனிதருக்குத் தரும் இம்மருந்துகளை வயலில் தெளித்தால், அவற்றுக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகும் என்ற கவலை வலுத்தது. 2021 டிசம்பரில் வேளாண்மையில் இவற்றைத் தடைசெய்வதற்கான வரைவு ஆணையை மத்திய அரசு வெளியிட்டது. இத்தகைய காரணங்களால் ஆய்வின் கவனம் கிருமியைக் கொல்வதைவிட, கிருமிக்கு இடங்கொடாத பயிரை உருவாக்குவதில் குவிந்தது.

மாலி நாட்டுக் காட்டு நெல்

எதிர்ப்புத்திறன் தரும் மரபணுக்கள் 40க்கும் மேற்பட்டவை நெல்லினத்தில் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது எக்ஸ்ஏ21. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த ஒரைசா லாங்கிஸ்டாமினேட்டா என்னும் காட்டு நெல், சோதித்துப் பார்த்த இந்திய பாக்டீரியா வகைகள் அனைத்தையும் எதிர்த்து நின்றது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குருதேவ் குஷ் தலைமையிலான குழு, அந்தத் திறனைப் பயிரிடும் நெல்லுக்கு மாற்றியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பமீலா ரொனால்டின் குழு 1995இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது.

எக்ஸ்ஏ21 உருவாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் காவல் நிற்கிறது. பாக்டீரியாவின் அடையாளத்தை உணர்ந்ததும் செடியின் தற்காப்பை முடுக்கிவிடுகிறது. அந்த அடையாளம் எது என்று கண்டறிவது எளிதாக இல்லை. 2009இல் ஒரு மூலக்கூறை அறிவித்த ரொனால்டின் குழு, சோதனைகளில் பிழை இருந்ததைத் தானே கண்டு 2013இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2015இல் ராக்ஸ்எக்ஸ் என்னும் சிறு புரதமே அது என்று காட்டப்பட்டது.

ஒன்றுக்கு மூன்று

ஒரே மரபணுவை நம்பிய ரகம் நெடுங்காலம் தாங்குவதில்லை. தமிழக உழவர்களுக்கும் அறிமுகமான ஐ.ஆர்.20 ரகத்தில் எக்ஸ்ஏ4 என்னும் எதிர்ப்பு மரபணு இருந்தது. அந்த மரபணுவைக் கொண்ட ரகங்கள் பரவலானதும், பிலிப்பைன்ஸில் அதை மீறும் பாக்டீரியா வகை மேலோங்கியது. எக்ஸ்ஏ21க்கும் குறையுண்டு, முதிர்ந்த பயிரில் முழுமையாக வேலை செய்யும் அது, நாற்றுப் பருவத்தில் வலுவற்றது.

எனவே ஒரே ரகத்தில் பல மரபணுக்களைச் சேர்க்கும் முயற்சி தொடங்கியது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று மரபணு உள்ள செடியும் ஒன்று மட்டும் உள்ள செடியும் நோய்ச் சோதனையில் ஒன்றுபோலவே நலமாக நிற்கக்கூடும். எதில் மூன்றும் உள்ளன என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மரபணுவுக்கு அருகிலுள்ள டிஎன்ஏ அடையாளங்களை ஆய்வகத்தில் படித்து, நாற்றுப் பருவத்திலேயே வேண்டிய செடிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை இதற்கு வழி தந்தது.

தமிழகத்தில் ஆந்திரா பொன்னி எனப்படும் பி.பி.டி.5204, அதாவது சம்பா மசூரி, சன்ன அரிசிக்குப் பேர்போனது. இலைக்கருகலுக்கு எளிதில் இரையாவது. ஹைதராபாதின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் இணைந்து, எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 ஆகிய மூன்றையும் அதில் சேர்த்தன. அரிசியின் தரம் மாறாதிருக்க, கலப்பில் கிடைத்த செடிகளைச் சம்பா மசூரியுடனேயே நான்கு முறை மீண்டும் கலந்தனர். மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியானது. இது மரபணு மாற்றுப் பயிரல்ல. மகரந்தக் கலப்பிலேயே பிறந்தது. இதற்குச் சற்று முன்பே டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 இரண்டையும் கொண்ட மேம்படுத்தப்பட்ட பூசா பாஸ்மதி 1 ரகத்தை உருவாக்கியிருந்தது.

சர்க்கரைக் கதவு

எக்ஸ்ஏ13 வேலை செய்யும் விதம் வேறு. பாக்டீரியா ஊசி போன்ற அமைப்பின் வழியே தன் புரதங்களை நெல்லின் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை செல்லின் உட்கருவை அடைந்து, ஸ்வீட் எனப்படும் மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் ஒட்டி அவற்றை இயக்குகின்றன. ஸ்வீட் மரபணு உருவாக்கும் புரதம், செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே விடும் வாசல். வெளியேறும் சர்க்கரையை உண்டு பாக்டீரியா பெருகுகிறது. எக்ஸ்ஏ13 என்பது, தொடக்கப் பகுதி மாறியிருப்பதால் பாக்டீரியாவின் புரதம் ஒட்ட முடியாத ஒரு ஸ்வீட் மரபணுவே. வாசல் திறக்காததால் பாக்டீரியா பட்டினி கிடக்கிறது.

இப்புரதங்கள் டிஎன்ஏவில் எந்த இடத்தைத் தேடி ஒட்டும் என்ற குறியீட்டை ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் தனித்தனியே கண்டறிந்தனர். அதன்பின் பூட்ட வேண்டிய இடம் துல்லியமாகத் தெரிந்தது. ஸ்வீட் மரபணுக்களை முழுமையாக அழித்துவிட முடியாது; அவற்றில் ஒன்று மகரந்தம் வளரத் தேவையானது, அது செயலிழந்தால் கதிரில் பதரே மிஞ்சும். ஆகவே மரபணுவை விட்டுவிட்டு, பாக்டீரியாவின் புரதம் ஒட்டும் சில எழுத்துகளை மட்டும், டிஎன்ஏவைத் திருத்தும் கிரிஸ்பர் நுட்பத்தால் மாற்றினர். பாக்டீரியா குறிவைக்கும் மூன்று ஸ்வீட் மரபணுக்களிலும் இப்படித் திருத்திய ஐ.ஆர்.64 முதலான நெல் வகைகள் பரந்த எதிர்ப்புத்திறன் காட்டின. இம்முடிவு 2019இல் வெளியானது. பின்னர் தான்சானியாவில் ஆசிய வகை பாக்டீரியா பரவியிருப்பது தெரியவந்ததும், கிழக்கு ஆப்பிரிக்காவின் கொம்போகா ரகத்திலும் அதே திருத்தம் செய்யப்பட்டது.

வயலில் செய்யக்கூடியவை

எதிர்ப்புள்ள ரகத்துக்கும் பராமரிப்பு வேண்டும். தழைச்சத்தை ஒரே தடவையாக இடாமல் பிரித்து இடுவது, நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாமல் இருப்பது, நோய்ப்பட்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாயவிடாமல் தடுப்பது ஆகியவை பரவலைக் குறைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 20 விழுக்காடு புதுச் சாணக் கரைசல் தெளிக்கவும் பரிந்துரைக்கிறது. நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸை ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து விதைநேர்த்தி செய்வது, செடியின் தற்காப்பை முன்கூட்டியே தூண்டுகிறது. வயலில் நோய் கண்டுவிட்டால், அது அடங்கும்வரை யூரியா மேலுரத்தை நிறுத்திவைக்க வேண்டும்.