காலண்டர் விலை எதுவரை இறங்கும்?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில், அரசு சிமென்ட் ஆலை இருக்கும் அந்த ஊரில், உங்களுக்கு ஒரு மளிகைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கோடு சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பங்கள் வந்துவிடும். உங்கள் கடைப் பெயரில் ஒற்றைத்தாள் காலண்டர் அடிக்க வேண்டும். எத்தனை அடித்தால் ஒன்று என்ன விலைக்கு வரும்? மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் மிரளும் விகிதமுறு சார்பு (ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொரு பல்லுறுப்புக் கோவையால் வகுத்து வருவது) இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கணக்கு எளிதாக வர, எண்களை நானே வைக்கிறேன். பிளேட் போடவும் மிஷின் செட் செய்யவும் 6000 ரூபாய். எத்தனை அடித்தாலும் அது மாறாது. தாள், மை, கூலி எல்லாம் சேர்த்துத் தாளுக்கு 20 ரூபாய். நிறம் சரியாக வரும்வரை ஓடும் முதல் 50 தாள் கழிவு. ஓட்டும் மொத்தத் தாளை ‘த’ என்போம். நல்ல காலண்டர் ஒன்றின் அடக்கவிலை (20த + 6000) ÷ (த − 50).

முதலில் எதைப் பார்ப்பது? கீழே உள்ள பகுதியை. அது சுழியாகும் இடம் த = 50. சுழியால் வகுக்க முடியாது. 50 தாளோடு நிறுத்தினால் கையில் ஒரு காலண்டர்கூட இருக்காது. அப்புறம் ஒன்றின் விலை ஏது? 51 தாள் ஓட்டினால் கிடைக்கும் ஒரே காலண்டர் 7020 ரூபாய். 60 ஓட்டினால் ஒன்று 720. வரைபடத்தில் 50-க்கு நேரே நிற்கும் செங்குத்துக் கோடுதான் தொலைத்தொடுகோடு (வளைவு தொடாமலே நெருங்கிக்கொண்டு போகும் கோடு).

அச்சுகளை வளைவு எங்கே வெட்டுகிறது? இந்த இடங்களே வெட்டுத்துண்டுகள். த-வுக்குச் சுழி போடுங்கள்: 6000 ÷ (−50) = −120. விலை சுழியாக வேண்டுமானால் மேலே உள்ள தொகுதி சுழியாக வேண்டும்: 20த + 6000 = 0, த = −300. தாளும் விலையும் எதிர்ம எண்ணாகாதே என்று கேட்பீர்கள். சரிதான், கடைக்கு இவை உதவாது. வரைபடத்துக்கு இரண்டும் வேண்டும்: 50-க்கு இடப்பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிளை இந்தப் புள்ளிகள் வழியாகத்தான் போகிறது.

நிறைய அடித்தால் விலை எதுவரை இறங்கும்? உங்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான். வகுத்துப் பாருங்கள்: 20 + 7000 ÷ (த − 50). நல்ல காலண்டர் 100 என்றால் ஒன்று 90 ரூபாய். 700 என்றால் 30. 7000 என்றால் 21. எத்தனை லட்சம் அடித்தாலும் 20-ஐத் தொடாது. விலை 20 என்ற அந்தக் கிடைக்கோடு இன்னொரு தொலைத்தொடுகோடு.

பேரம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். 100-லிருந்து 700-க்குப் போனால் ஒன்றுக்கு 60 ரூபாய் குறைகிறது. 700-லிருந்து 7000-க்குப் போனாலும் 9 ரூபாய்தான் குறையும். அதற்காகத் தேவையில்லாமல் அடித்து மூட்டை கட்டி வைக்காதீர்கள். 100 போதும் என்பவர் தனிப்படம் கேட்காமல், ஆல்பத்தில் இருக்கும் படத்தையே எடுத்துக் கீழே கடைப் பெயரை மட்டும் அச்சிடச் சொல்லலாம். படத்துக்கான பிளேட் செலவு பல கடைகளுக்குப் பங்காகிவிடும்.

ஒவ்வொரு தடவையும் வகுக்க வேண்டுமா? வேண்டாம். தொகுதியிலும் பகுதியிலும் மிக உயர்ந்த அடுக்கைப் பாருங்கள். இரண்டும் சமமானால் அவற்றின் கெழுக்களை (முன்னால் நிற்கும் எண்களை) வகுங்கள். இங்கே 20 ÷ 1. பகுதியின் அடுக்கு பெரிதானால் கிடைக்கோடு சுழியில். தொகுதியின் அடுக்கு ஒன்று கூடுதலானால் கிடைக்கோடு இல்லை. வகுத்தால் சாய்ந்த கோடு ஒன்று கிடைக்கும்.

தேர்வில் பலர் சறுக்குவது வேறு இடத்தில். பகுதி சுழியானாலே செங்குத்துக் கோடு என்று எழுதிவிடுகிறார்கள். (த² − 2500) ÷ (த − 50)-ஐப் பாருங்கள். தொகுதியைப் பிரித்தால் (த − 50)(த + 50). பொதுவான காரணி அடிபட்டு த + 50 என்ற நேர்கோடு மட்டும் மிஞ்சும். 50-இல் செங்குத்துக் கோடு எதுவும் கிடையாது. அந்த நேர்கோட்டில் ஒரு புள்ளி மட்டும் விடுபட்டிருக்கும், அங்கே சிறு வட்டம் போட்டுக் காட்டுங்கள். ஆகவே காரணிப்படுத்தி, அடிக்க வேண்டியதை அடித்த பிறகே பகுதியைச் சுழியாக்குங்கள்.