நகரைக் கண்ட கண்கள்

பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் 1940-ஆம் ஆண்டில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். பத்தே ஆண்டுகளில் அத்தொகை 22 இலட்சத்தை எட்டியது. காப்பி வாணிகத்தால் செழித்த அந்நகரம் ஆலைத் தொழிலால் மேன்மேலும் பெருகிற்று. பழைய வீடுகள் இடிந்தன. வானளாவிய மாடங்கள் எழுந்தன. பிறந்து வளர்ந்த தெருவே அயலூர்போல் தோன்றினால் மாந்தர் என் செய்வர்? அந்நகரில் சிலர் நிழற்படக் கருவியைக் கையில் எடுத்தனர்.

அன்னோர் கூடிய கழகம் 1939-இல் தோன்றிற்று. பண்டெய்ராண்டே என்பது அதன் பெயர். வழக்கறிஞர், கணக்கர், பொறியாளர், வணிகர் எனப் பலரும் அதில் இருந்தனர். படம் பிடித்துப் பிழைத்தவர் சிலரே. அலுவல் ஓய்ந்த வேளையில் படம் எடுத்து, ஒருவர் படத்தை மற்றவர் ஆராய்ந்து குறை கூறினர். தொடக்கத்தில் ஓவியத்தைப் போன்ற மங்கலான இயற்கைக் காட்சிகளையே அவர்கள் பெரிதும் விரும்பினர். நகரம் மாற மாற, அவர்தம் பார்வையும் மாறியது. மாடிப்படியின் வளைவும், மதிலில் விழும் நிழலும், மின்கம்பிகளின் கோடுகளுமே படங்களாயின.

ஜெரால்டோ டி பாரோஸ் என்னும் வங்கி ஊழியர் இன்னும் ஒருபடி மேற்சென்றார். லூஸ் இரயில் நிலையத்தின் கூரையை ஒரே படச்சுருளின் மேல் பன்முறை பதித்தார். எதிர்மறைத் தகட்டை ஊசியால் கீறினார். இதுவும் நிழற்படமா என்று கழகத்தாரிலேயே சிலர் முகஞ்சுளித்தனர்.

கெர்ட்ரூடஸ் அல்ட்ஷுல் அம்மையார் 1904-இல் பெர்லினில் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, 1939-இல் கணவருடன் பிரேசிலை அடைந்தார். தொப்பிகளில் செருகும் செயற்கைப் பூக்களைச் செய்து விற்பது அவர்கள் தொழில். ஆடவரே மிகுந்திருந்த கழகத்தில் அவர் 1952-இல் உறுப்பினரானார். அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்றில் இருப்பது வெறும் பப்பாளி இலைதான். ஆயினும் அதன் கிளைத்த நரம்புகள் பொற்கொல்லன் இழைத்த கம்பி வேலையை ஒத்திருக்கின்றன. பூவிதழ்களைச் செய்து பழகிய கைக்கு இலை நரம்பின் அருமை தெரியாதா? 1962-இல் அவர் மறைந்தார். கழகத்தாரின் படங்களை நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் தனிக் காட்சியாக வைத்தது 2021-இல்தான்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் ஆகாது. இப்படங்களுட் பலவற்றில் மாடங்கள் உண்டு. அவற்றைக் கட்டியவர் முகம் அரிது. கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஃபார்க்காஸ், புதிய தலைநகரான பிரசீலியா எழுந்தபோது ஆங்குச் சென்றார். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் அந்நகரம் திறக்கப்பட்டது. வெண்பளிங்கு மாளிகைகளை மட்டுமன்றி, அவற்றை எழுப்பிய தொழிலாளர் வாழ்ந்த பலகைக் குடில்களையும் அவர் படமாக்கினார்.