வெள்ளியின் ஆற்றலும் எல்லையும்

அணிகலனாகவும் கலமாகவும் பயன்படும் வெள்ளிக்கு நுண்ணுயிரிகளை அழிக்கும் ஆற்றலும் உண்டு. வெள்ளியின் மிக நுண்ணிய துகள்கள் கரையாமல் நீரில் பரவியிருக்கும் நீர்மம் கூழ்ம வெள்ளி எனப்படும். இதனை அருந்தினால் பாக்டீரியா, வைரஸ் ஆகிய இருவகைக் கிருமிகளும் ஒழியும் என்னும் விளம்பரங்கள் உலவுகின்றன. அவற்றின் உண்மையை அறிய, வெள்ளி செயற்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

பாக்டீரியாவும் வெள்ளியும்

வெள்ளித் துகள்களின் மேற்பரப்பிலிருந்து நேர்மின்சுமை கொண்ட அயனிகள் மெல்ல வெளிப்படுகின்றன. அவை பாக்டீரியாவின் புரதங்களிலுள்ள கந்தகத்துடன் உறுதியாகப் பிணைகின்றன. அதனால் நொதிகள் செயலிழக்கின்றன, செல்சவ்வு சிதைகிறது, பாக்டீரியா மடிகிறது.

மருத்துவம் இவ்வாற்றலைப் பயன்படுத்தியுள்ளது. 1880ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டாக இடத் தொடங்கினார். மகப்பேற்றின்போது தாயிடமிருந்து தொற்றிப் பார்வையைப் பறித்துவந்த கண்ணழற்சி, அவரது மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்து என்னும் அளவிலிருந்து ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது. 1960களில் உருவான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு தீப்புண்களுக்குப் பயன்பட்டது. இவ்விரண்டிலும் வெள்ளி, தொற்று நேரும் இடத்திலேயே உடலின் புறத்தே இடப்பட்டது என்பது கருதத்தக்கது.

உடலுக்குள் நிகழ்வது

அருந்தப்படும் வெள்ளியின் நிலை வேறு. உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றுவதை ஆய்வகத்தில் காணலாம். இரைப்பையிலும் குருதியிலும் குளோரைடு மிகுதியாக உள்ளது. வெள்ளி அயனிகள் அதனுடன் சேர்ந்து எளிதில் கரையாத சேர்மமாகின்றன. எஞ்சியவற்றைக் குருதிப் புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. ஆதலால் கிருமியைச் சென்றடையும் அயனிகள் மிகக் குறைவு.

அளவைக் கூட்டினால் பயன் கிட்டாதோ என்னும் வினா எழலாம். பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குகிறது. மனிதச் செல்லுக்குச் செல்சுவர் இல்லாமையால் அது தப்புகிறது. ஆனால் வெள்ளி நாடும் கந்தகம் மனிதப் புரதங்களிலும் உண்டு. எனவே, அளவு கூடும்போது நம் செல்களும் ஊறுபடுகின்றன.

வைரஸும் வெள்ளியும்

எச்.ஐ.வி. போன்ற சில வைரஸ்களின் புறப்புரதங்களில் வெள்ளி நானோ துகள்கள் ஒட்டிக்கொண்டு, அவை செல்லுக்குள் நுழைவதைத் தடுப்பது ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது. ஆயினும் இது கண்ணாடிக் கலத்தில் கண்ட முடிவேயாகும். நோயாளியின் உடலில் வைரஸ் செல்லுக்குள் புகுந்தே பெருகுகிறது. கூழ்ம வெள்ளியை அருந்தி வைரஸ் நோய் நீங்கியதாக மருத்துவ ஆய்வுகள் எவையும் மெய்ப்பிக்கவில்லை.

விளையும் தீங்கு

உடலில் தங்கும் வெள்ளி தோலில் படிந்து, அதனை நீலச் சாம்பல் நிறமாக்கும். ஆர்ஜீரியா எனப்படும் இந்நிறமாற்றம் பெரும்பாலும் நிலையானது. அமெரிக்காவின் மொன்டானா மாநில அரசியலாளர் ஸ்டான் ஜோன்ஸ், 2000ஆம் ஆண்டின் கணினிக் குழப்பத்தால் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் கிடைக்காமற் போகலாம் என அஞ்சித் தாமே கூழ்ம வெள்ளியைச் செய்து அருந்தினார். 2002இல் செனட் தேர்தலில் அவர் போட்டியிட்டபோது அவரது முகம் நிறம் மாறியிருந்தது. மேலும், சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளையும் தைராய்டு மருந்தையும் உடல் ஏற்பதை வெள்ளி குறைக்கக்கூடும்.

கூழ்ம வெள்ளி கலந்த, மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கத்தக்கவையல்ல என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999இல் அறிவித்தது. கொரோனாவுக்கு மருந்தெனக் கூறி இதனை விற்றவர்களுக்கு 2020 மார்ச்சில் எச்சரிக்கை மடல்களும் அனுப்பியது. அத்தகைய கூற்றை நம்பி உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் உயிரையே இழக்க நேரிடலாம்.

ஆகவே, ஒரு பொருள் கிருமியைக் கொல்லும் எனக் கேட்டவுடன் அதனை மருந்தென ஏற்றல் தகாது. எங்கே, எந்த அளவில் கொல்கிறது என்றும், நோயுற்ற மனிதரிடம் அது மெய்ப்பிக்கப்பட்டதா என்றும் வினவுதலே அறிவியல் நெறியாகும்.