சிலமலைப் பகுதியில் பெண்கல்வியும் எழுத்தறிவும்

சிலமலை என்பது தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. மலைக்கு அப்பால் கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டம் உள்ளது. அங்குள்ள ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்வதே போடி வட்டாரத்துப் பெண்கள் பலருக்குப் பிழைப்பு. இந்த வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பெண்களின் படிப்பு எந்த வயதில், எதனால் நின்றுபோகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

"பொட்டப்பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று கேட்ட பெற்றோரை நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெறும்போது அப்படிக் கேட்டவர்கள் அநேகமாக எவருமில்லை. ஆனாலும் வகுப்பில் சில பெண் பிள்ளைகளின் இடம் காலியாகவே இருந்தது. படிக்க வைக்கும் விருப்பம் வீட்டில் இருந்தும் படிப்பு நிற்கிறதென்றால், அந்த வீட்டின் வேலையை யார் யார் செய்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எழுத்தறிவு: சொல்லும் கணக்கும்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர் ஆவார். பள்ளிக்குச் சென்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் இக்கணக்கில் சேரமாட்டார். கையெழுத்து மட்டும் போடக் கற்றவரும் சேரமாட்டார். ஆனால் கணக்கெடுப்பாளர் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார்.

இம்முறையில் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 1991இல் ஆண்களின் எழுத்தறிவு 73.75 விழுக்காடு, பெண்களுடையது 51.33 விழுக்காடு. 2011இல் இவை முறையே 86.77, 73.44 என உயர்ந்தன. இருபது ஆண்டுகளில் இடைவெளி ஏறத்தாழ 22 புள்ளிகளிலிருந்து 13 புள்ளிகளாகக் குறைந்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்றும் மேற்கோள் காட்டப்படுவது 2011ஆம் ஆண்டுக் கணக்குதான்.

தேசியக் குடும்பநல ஆய்வு வேறு வழியைக் கையாளுகிறது. ஒன்பதாம் வகுப்பை முடிக்காதவர்களிடம் ஒரு வாக்கியம் அச்சிட்ட அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அதன் ஐந்தாவது சுற்றில் (2019–21), 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் இந்திய அளவில் பெண்கள் 71.5 விழுக்காட்டினரும் ஆண்கள் 84.4 விழுக்காட்டினரும் எழுத்தறிவு பெற்றவர்களாகக் கணக்கிடப்பட்டனர். மாணவர்கள் இப்புள்ளிவிவரங்களை எடுத்தாளும்போது எந்தக் கணக்கு, எந்த வயதினர் என்பதைப் பார்த்து எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

ஏலத்தோட்டமும் வீட்டின் மூத்த பெண்ணும்

ஏலக்காய் ஒரே அறுவடையில் முடிந்துவிடும் பயிர் அன்று. செடியின் அடியில் தரையோடு படரும் சரங்களில் காய்கள் சிறிது சிறிதாக முற்றும். முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். அதனால் ஏறக்குறைய நாற்பது நாளைக்கு ஒருமுறை எனப் பல சுற்று காய் எடுக்கிறார்கள். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசி வரை நீளும். பள்ளி ஆண்டு சூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு இரண்டுமே காய் எடுப்புக் காலத்துக்குள் விழுகின்றன என்பதை நாட்காட்டியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

குனிந்தும் உட்கார்ந்தும் செய்ய வேண்டிய இந்த வேலைக்குப் பெரும்பாலும் பெண்களையே அமர்த்துகிறார்கள். விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டு, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இடுக்கிக்குள் செல்கின்றன. திரும்பி வர மாலையாகிவிடும். சிலமலை போன்ற ஊர்களிலிருந்து செல்பவர்கள் இன்னும் முன்னதாக எழ வேண்டும். மலையேறாத பெண்களில் சிலர் போடி நகரில் ஏலக்காய்க் கிடங்குகளில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடக்கும் இடங்களில் போடிநாயக்கனூர் ஒன்று, இடுக்கியில் உள்ள புற்றடி மற்றொன்று. (ஏலம் என்ற சொல் இங்கே இரண்டு பொருளில் வருகிறது. மாணவர்கள் குழம்ப வேண்டாம்.)

தாய் ஜீப்பில் ஏறிய பிறகு வீட்டில் என்ன நடக்கிறது? தண்ணீர் பிடிக்க வேண்டும். தம்பி தங்கைகளை எழுப்பிக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். கைக்குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை மூத்த பெண்ணின் தலையில் விழுகின்றன. மூத்தது பையனாக இருந்து அடுத்தது பெண்ணாக இருந்தாலும் அந்தப் பெண்தான் செய்கிறாள். பாலின ஏற்றத்தாழ்வு என்று பாடநூலில் படிக்கும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் முடித்துவிட்டு அவள் பள்ளிக்கு வரும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். தாமதமாக வந்ததற்காக வெளியே நிற்க வைப்போம். (நானும் அப்படி நிற்க வைத்திருக்கிறேன், காரணம் தெரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.) நாலு நாள் வெளியே நின்றவள் ஐந்தாம் நாள் வருவதில்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டால், "காய் எடுப்பு முடியட்டும் டீச்சர், அனுப்பிடுறேன்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, உண்மையாகவே அனுப்பத்தான் நினைக்கிறார்கள். ஆனால் மாசி மாதம் வந்து அமரும் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் எட்டாத தூரத்துக்குப் போயிருக்கும்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டங்களுக்கும் பொருந்தியது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தொழிலாளர்களின் ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம் என்றும் அதில் இருந்தது. ஆனால் தோட்டத்து லயங்களிலேயே குடியிருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது போலத்தான் இச்சட்டம் தோன்றுகிறது. மாநில எல்லையைத் தாண்டி நாள்தோறும் போய் வரும் தாய், இருட்டில் கைக்குழந்தையையும் ஜீப்பில் தூக்கிக்கொண்டு போக முடியாது. தோட்டம் கேரளத்தில், குழந்தை தமிழ்நாட்டில்.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை அது உறுதி செய்கிறது. பெண் பிள்ளையின் படிப்புக்கு ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்தப் பதினான்கு வயதில்தான். எட்டாம் வகுப்பு வரை உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ படித்தவள், அடுத்து உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கலாம். ஐந்து கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அரசின் அளவுகோல். ஆண் பிள்ளைக்கு ஐந்து கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. பெண் பிள்ளைக்கு அது வேறு கணக்கு. வயதுக்கு வந்துவிட்டாள், வழியில் யாராவது கேலி செய்வார்கள், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. தாயும் தகப்பனும் பகல் முழுவதும் ஊரில் இல்லாத வீட்டில் அது இன்னும் கூடும்.

எங்கள் பக்கம் சடங்கு பெரிய விழா. தாய்மாமன் சீர், பந்தல், விருந்து என்று கடன் வாங்கியாவது செய்வார்கள். சடங்குக்குப் பின் சில வாரம் பள்ளிக்கு வராமல் இருந்து, அப்படியே நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு. பெண்ணுக்குத் திருமண வயது 18 என்று 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் கூறுகிறது. பள்ளியில் இருக்கும் பெண்ணை மணம் பேச வருபவர்கள் தயங்குவார்கள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அரசுத் திட்டங்கள்

காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் பலரும் அறிந்தவை. 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், உதவி பெறும் பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பின்னர் அது பத்தாம் வகுப்பாக உயர்ந்தது. கல்யாணச் செலவுக்குப் பணம் என்பதற்காகவே பெண்ணைப் பள்ளியில் விட்டுவைத்த பெற்றோரை எனக்குத் தெரியும். 2022இல் இத்திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து மேற்படிப்பில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. பணம் திருமணத்துக்கு என்றிருந்தது படிப்புக்கு என்று மாறியது சரியான மாற்றம் என்பது என் கருத்து.

விலையில்லா மிதிவண்டி நல்ல திட்டம்தான், ஆனால் பதினோராம் வகுப்பில் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கே போகாதவளுக்கு அது எட்டாது.

இவ்வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துவது காலை உணவுத் திட்டம் என்பேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கே உணவு. ஆனால் தம்பி தங்கை பள்ளியில் சாப்பிடுகிறார்கள் என்றால், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்காள் காலையில் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. முதல் மணிக்குப் போய்விடலாம். இத்திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பயனை அதிகம் சொல்வதில்லை.

அறிவொளி இயக்கம்

பள்ளி வயதைத் தாண்டிய பெண்களுக்காக நடந்தவற்றுள் முதன்மையானது அறிவொளி இயக்கம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை பெயர் பெற்றது. அங்கு 1990களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சியை ஊக்குவித்தார். கல்குவாரித் தொழிலாளர்களும் கிராமப் பெண்களும் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி பழகினர். தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், வேலைக்குப் போகவும் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றானது. (டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்ததும் இதே புதுக்கோட்டையில்தான். ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்த்தபோது எதிர்ப்பு எழுந்தது. 1912இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார்.)

இரவு வகுப்புகளில் நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பகலெல்லாம் வேலை செய்த கைகள் பலகைக் குச்சியைப் பிடித்தால் நடுங்கும். முதலில் தம் பெயரை எழுதிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. சிலர் அதற்கு மேல் சென்று பேருந்துப் பலகையைப் படிக்கும் நிலைக்கு வந்தார்கள். வகுப்பு நின்ற பிறகு வீட்டில் படிக்க ஒரு தாள்கூட இல்லாததால் கற்றதைப் பலர் மறந்துபோனார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்காக 2022 முதல் நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கும் இதே சிக்கல் உண்டு. காய் எடுப்புக் காலத்தில் மாலை வகுப்பு வைத்தால், ஜீப்பிலிருந்து இறங்கி வரும் பெண் எந்த நேரத்தில் வந்து அமர்வாள் என்பதை வகுப்பு நடத்துவோர் முதலில் கேட்டறிய வேண்டும். பங்குனி, சித்திரையில் வைத்த வகுப்புகளுக்குத்தான் எங்கள் பக்கம் ஆள் வந்தது.

கையெழுத்துக்கு அப்பால்

இன்று பெயர் எழுதத் தெரியாத பெண்கள் குறைவு. மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கும்போது எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர் குழுவில் ஒருவரோ இருவரோதான். கணக்கு நோட்டு அவர்களிடமே இருக்கும். நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வரும் காலம் இது. வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, யாருக்கு யார் பிணை என்பவை அச்சில்தான் இருக்கின்றன. தோட்டத்தில் எத்தனை நாள் வேலை பார்த்தோம் என்பதும் மேற்பார்வையாளரின் நோட்டில் இருக்கிறது. அதைச் சரிபார்க்க, மாலையில் வீடு திரும்பியதும் தம் மகளிடம் நாட்களைச் சொல்லி எழுதி வைக்கச் சொல்லும் தாய்மார்கள் உண்டு. அந்த மகள் பெரும்பாலும் எட்டாம் வகுப்போடு நின்றவளாக இருப்பாள்.