கடலோரத் தொழிலாளரும் புரோமெத்தசினும்: பக்க விளைவுகள், மிகையளவு நச்சுத்தன்மை

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்குகுளித் தொழில் இன்றும் தொடர்கிறது. கல்லின் துணையால் மூச்சடக்கி மூழ்கிய பழைய முறை மாறி, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்து மூழ்குவோர் பெருகியுள்ளனர். இத்தகைய கடல்சார் தொழிலில் ஈடுபடுவோருக்கு ஒவ்வாமை அரிப்பிற்கும் கடற்பயணக் குமட்டலுக்கும் மருந்து தேவைப்படுகிறது. அவ்வாறு பரிந்துரைக்கப்படும் பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளுள் ஒன்று புரோமெத்தசின். இதன் பக்க விளைவுகளை உட்கொள்பவரின் தொழிலோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூளையில் விழிப்பு நிலையைக் காப்பதில் ஹிஸ்டமினுக்குப் பங்குண்டு. புரோமெத்தசின் எளிதில் மூளைக்குள் புகுந்து அச்செயலைத் தடுப்பதால் தூக்கம் வருகிறது. 'தூக்கம் வரும், அவ்வளவுதான்' என்று கூறுவது வீட்டில் ஓய்ந்திருப்பவருக்குப் பொருந்தலாம். மூழ்குபவருக்கும், துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவருக்கும், கொள்கலன் லாரி ஓட்டுநருக்கும் பொருந்தாது. குருதியில் இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 9 முதல் 16 மணி நேரம். எனவே, இரவில் உட்கொண்ட மாத்திரையின் கணிசமான பகுதி விடியலில் கடலுக்குச் செல்பவரின் உடலில் எஞ்சியிருக்கும். ஆழம் கூடக்கூட அழுத்தமேறிய நைட்ரஜன் தரும் மயக்கமும் இதனோடு சேர்ந்துகொள்ளக்கூடும்.

அதிகம் பேசப்படாத விளைவு வேறொன்று. அசிட்டைல்கோலினின் செயலையும் இம்மருந்து தடுப்பதால் வாய் வறட்சி, பார்வை மங்கல், சிறுநீர்த் தேக்கம் ஆகியவற்றோடு வியர்வையும் குறைகிறது. பினோதயசின் வகையைச் சார்ந்ததாதலால், உடல் வெப்பச் சீரமைப்பைக் குலைப்பதும் வெயில்பட்ட தோலில் ஒளிக்கூருணர்வை உண்டாக்குவதும் இதன் இயல்பு. நிழலற்ற உப்பளத்தில் நாள்முழுதும் உழைப்பவருக்கு இவை சிறு தொல்லைகள் அல்ல, வெப்பத்தாக்கிற்கு வழிகோலுபவை. அரிப்பு மட்டுமே குறையெனில் மூளைக்குள் மிகக் குறைவாகவே புகும் பெக்சோபெனடின் தக்க மாற்று. குமட்டலுக்கோ அது பயன்படாது.

மிகையளவில் உட்கொண்டால் நிலைமை வெறும் உறக்கத்தோடு நிற்பதில்லை. விரிந்த கண்பாவை, வறண்ட சூடான தோல், பிதற்றல், வலிப்பு, இதயத்துடிப்பு ஒழுங்கின்மை, ஆழ்மயக்கம் ஆகியவை தோன்றலாம். மது சேர்ந்தால் மூச்சொடுக்கம் விரைவுபடும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளிடம் உயிரிழப்பை விளைவித்த மூச்சொடுக்கத்தைக் கருதி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது. பெரியவரின் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குப் புகட்டும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கெனத் தனி மாற்றுமருந்து எதுவும் வழக்கத்தில் இல்லை. மருத்துவமனையில் மூச்சுப்பாதை காக்கப்படும். இதயமின் வரைபடம் தொடர்ந்து கண்காணிக்கப்படும். வலிப்பிற்குப் பென்சோடயசிபைன் வகை மருந்தும், வரைபடத்தில் கியூஆர்எஸ் அலை அகன்றால் சோடியம் பைகார்பனேட்டும் தரப்படும். வாந்தி வரவழைக்க உப்புநீர் புகட்டுவது தவறு: மயங்கிய நிலையில் அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும், குருதியில் சோடியமும் ஆபத்தான அளவிற்கு உயரலாம்.