கை வைத்தால் நோய் போகுமா?



குழந்தைக்குப் பேதி கண்டால், "தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துட்டு வந்தா சரியாப் போயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. "அவரு கைராசிக்காரரு, தடவிவிட்டாலே போதும்" என்பார்கள். டவுனில் ரெய்கி, பிராண சிகிச்சை என்று வேறு பெயர்களில் கைவைத்தியம் நடக்கிறது. கையிலிருந்து ஒரு சக்தி பாய்கிறதாம். இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி 1996-ல் ஒரு சோதனையைத் தொடங்கினாள். "தொடாமலே அடுத்தவர் உடம்புச் சக்தியைக் கையால் உணர்வோம்" என்ற 21 பேர் கலந்துகொண்டார்கள். நடுவே ஒரு தடுப்பு. அதிலுள்ள துளைகள் வழியே அவர்கள் இரு கைகளையும் நீட்டினார்கள். எமிலி காசைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடித்தாள். அது எந்தக் கை என்று சொல்ல வேண்டும். 280 தடவையில் 123 தடவைதான் சரியாகச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே சுமார் 140 சரியாக இருந்திருக்கும்! இது 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது.

அப்படியானால் சிலருக்குக் குணமாவது எப்படி? சாதாரணப் பேதி சில நாளில் தானே நிற்கும். பெயர் மட்டும் தடவியவருக்குப் போகும். ஆறுதலுக்கும் பலன் உண்டு. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயின் கடுமை ஓரளவு குறைந்திருந்தது. அன்பான, பயமுறுத்தாத சூழல் அதற்குக் காரணமாகலாம் என்றார்கள்.

ஆனால் பேதியில் வற்றிப்போன நீரை ஆறுதல் திருப்பித் தராது. குழந்தையின் உயிருக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, ஒரு லிட்டர் பாக்கெட் உப்பு-சர்க்கரைப் பொடியை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடிக்கடி கொஞ்சங் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையைச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு, அவர் சொன்னபடி 14 நாள் கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

நயினார்கோவில் நாகநாதரிடம் வேண்டிக்கொள்ளுங்கள், தடையில்லை. முதலில் கரைசலைப் புகட்டுங்கள், பிறகு கும்பிடுங்கள்!